மியாட்டாவைத் தாழ்த்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 மியாட்டாவை அறிமுகப்படுத்தியபோது அதில் இருந்தது வெறும் 1.6 லிட்டர் எஞ்சின்தான். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை உடலோடு மேலும் கீழுமாக இணைக்கும் இரு கைகள்) சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்த பாரம். வளைவில் அது திரும்பும் லாவகத்துக்காகவே மக்கள் அதை வாங்கினார்கள். அப்படிப்பட்ட காரை வாங்கிய கையோடு, டயருக்கு மேலே உள்ள இடைவெளி கண்ணை உறுத்துகிறது என்று குட்டை ஸ்பிரிங்கை மாட்டித் தாழ்த்துகிறவர்கள் ஏராளம். தாழ்த்தலாம், குற்றமில்லை. தாழ்த்தியதாலேயே கார் நன்றாகத் திரும்பும் என்று நம்புவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். இந்தக் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. 30 மி.மீ. தாழ்த்தினால், வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும் பாரம் ஆறு, ஏழு சதவீதம் குறையும். லாபம் அவ்வளவுதான். அதே நேரத்தில் விஷ்போன்களின் சாய்வு மாறி, உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியும் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் போதிய அளவு கெட்டியாக இல்லாவிட்டால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தாலும் வியப்பதற்கில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பரின் தண்டில் செருகியிருக்கும் அந்தச் சிறு ரப்பர் அல்லது ஃபோம் துண்டை யாரும் கண்டுகொள்வதில்லை. முதல் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம். பழைய ஷாக்கை அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால், கார் சும்மா நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்பைத் தொடும் நிலைக்கு வந்துவிடும். வளைவின் நடுவில் ஒரு சிறு மேடு வந்தால் போதும். ஸ்பிரிங்கின் வேலை முடிந்து ரப்பர் பாரத்தைத் தாங்கத் தொடங்கும். அந்த முனை ஒரே கணத்தில் கல் போல விறைத்துப்போகும். முன்பக்கம் விறைத்தால் கார் திரும்ப மறுத்து நேராக ஓடும். பின்பக்கம் விறைத்தால் வால் வெளியே வீசும். "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் குலுங்கும்" என்று பெருமையாகச் சொல்பவர்களில் பலர் ஸ்பிரிங் மேல் அல்ல, ரப்பர் மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாழ்த்துவதானால் அந்த உயரத்துக்கென்றே செய்த ஷாக், அதற்கேற்ற பம்ப் ஸ்டாப் என எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தது, பட்டறையில் சர்வசாதாரணமாக நடக்கும் தவறு. விஷ்போன்களின் உள்முனையில் உள்ள ரப்பர் புஷ் (மூட்டில் செருகிய ரப்பர் உருளை) சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதன் நடுக்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, வெளிப்புறம் விஷ்போன் கையோடு சேர்ந்து அசைகிறது. காரை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் எல்லாப் புஷ்களும் முறுக்கேறியே நிற்கும். உயரம் சொன்னபடி இறங்காது, ரப்பரும் சீக்கிரம் கிழியும். சக்கரத்தின்மேல் பாரம் முழுவதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றும்போது தொடாத போல்ட்டுகளுக்கும் இதே விதிதான்: தளர்த்தி, புதிய உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும்.

இனி வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. தாழ்த்திய பிறகு அதைச் செய்யாமல் ஓட்டுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அரைகுறையாகச் செய்வதும் அதே அளவு தவறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மியாட்டாவில் கீழ் விஷ்போன்களின் உள்முனைப் போல்ட்டுகளில் மையம் விலகிய வாஷர்கள் இருக்கின்றன. அவற்றில் அளவுக் கோடுகளும் உண்டு. போல்ட்டைத் திருப்பினால் கை உள்ளேயோ வெளியேயோ நகரும். முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு இரண்டு போல்ட். ஒன்றைத் தொட்டால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இரண்டும் மாறும். கூடவே டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். ஆகவே முதலில் பின்பக்கத்தை முடித்து, பிறகு முன்பக்கத்தில் கேஸ்டர், கேம்பர், கடைசியாக டோ என்றுதான் போக வேண்டும். பழைய கார்களில், அதிலும் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடியவற்றில், இந்தப் போல்ட் துருப்பிடித்துப் புஷ் குழாயோடு ஒட்டிக்கிடக்கும். அசையாது. பட்டறைக்காரர், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி முன்சக்கர டோவை மட்டும் சரிசெய்து, மற்ற எண்கள் வரம்புக்கு வெளியே சிவப்பாகவே இருக்கும் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தத் தாளைப் படிக்காமல் மடித்து வைக்காதீர்கள். போல்ட் அசையவில்லையென்றால் அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுவதே வழி. செலவுதான், ஆனால் அது இல்லாமல் அலைன்மென்ட் என்பது பெயரளவுக்கே.

டோவை லேசாக நினைக்கக்கூடாது. இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 3 மி.மீ. டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருப்பது) என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காரின் அளவுள்ள டயரில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. தாழ்த்திய காரில் டயரைத் தின்பது கேம்பர் என்று பழிபோடுகிறார்கள். பெரும்பாலும் கள்ளன் டோதான். பின்சக்கரங்கள் வெளிநோக்கி டோ-அவுட் ஆகிவிட்டால் தேய்மானத்தோடு நிற்காது. ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் வால் சுழன்றுவிடும்.

பந்தயக்காரர் ஒருவர் முன்பக்கம் மூன்று டிகிரி நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) வைத்திருக்கிறார் என்று அதையே நகலெடுப்பதும் வழக்கம். அவருடைய டயர் வேறு, பிரேக் போடும்போது அவருக்குத் தேவைப்படுவது வேறு. சாலையில் ஓடும் மியாட்டாவுக்கு முன்பக்கம் ஒரு டிகிரி நெகடிவ், பின்பக்கம் ஒன்றரை, கேஸ்டர் ஐந்து டிகிரி அளவில், டோ-இன் முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு என்று தொடங்கினால் போதும். பின்பக்கம் அரை டிகிரி கூடுதலாக இருப்பது வேண்டுமென்றேதான். வால் ஒட்டிக்கொண்டு வரும். சீட்டில் உங்கள் எடைக்கு ஈடான பாரம் இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு இலகுவான காரில் ஓட்டுநரின் எடை எண்களை மாற்றும்.

நிலையான கூரையில்லாத கார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. கூரை இல்லாத உடல் எளிதில் முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை அளவுக்கு மீறிக் கெட்டியாக்கினால், மேடு பள்ளத்தில் வேலை செய்ய வேண்டிய ஸ்பிரிங் அசையாது, கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் உதறும். அந்த நிலையில் ஷாக்கை எப்படித் திருகி மாற்றினாலும் வித்தியாசம் சரியாகத் தெரியாது.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை அளந்து குறித்து வையுங்கள். டயர் மாறினாலும் காற்று குறைந்தாலும் அந்த அளவு மாறாது. புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சற்று அமர்ந்துகொள்ளும். அப்போது மறுபடி அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் அலைன்மென்ட்டும் மறுபடி பார்க்க வேண்டியதுதான். கூடவே டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் கூராகவும் பட்டால் டோ தவறு. உள்விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பர் அதிகம்.