துண்டு முதலில் கிழிவது ஓட்டையில்தான்: டிஸ்க் கோல்ஃப் பைக்கு டவல் வாங்குவோர் செய்யும் தவறுகள்

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டுபோன்ற டிஸ்கை எறிந்து எறிந்து, குழி என்று சொல்லும் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம். அதற்கு ஒரு டிஸ்க் வாங்க வேண்டுமென்றால் எத்தனை கிராம், என்ன பிளாஸ்டிக், விளிம்பு விரலுக்கு அடங்குமா என்று அரை மணி நேரம் யோசிக்கிறோம். அதே ஆள் பையில் தொங்கவிடத் துண்டு வாங்கும்போது தொட்டுப் பார்ப்பார், பூப்போல இருந்தால் எடுத்துவிடுவார். நானும் அப்படித்தான் எடுத்தேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்கூடப் பிரியவில்லை. தொங்கவிடும் வளையம் மட்டும் பிய்த்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. அன்று மிச்சமிருந்த குழிகளுக்கெல்லாம் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே நடந்தேன்.

இந்தத் துண்டு படும் பாட்டைக் குளியலறைத் துண்டு படுவதில்லை. 18 குழி கொண்ட ஒரு சுற்றில் ஐம்பது அறுபது எறிதல் போகும். ஈரப் புல்லாக இருந்தால் ஏறக்குறைய ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் துடைக்க வேண்டும். இடையில் பையோடு சேர்ந்து தரையில் உட்காரும், முள்ளில் உரசும், வெயிலில் காயும், மறுபடி நனையும். அதனால் இதை வாங்கும்போது எவ்வளவு மென்மை என்று பார்ப்பதைவிட எந்த இடத்தில் முதலில் விட்டுப்போகும் என்று பார்ப்பதுதான் காரியத்துக்கு உதவும்.

வளையத்தைப் பார்க்காமல் வாங்குவது

துடைக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். துண்டு கொக்கியில் மாட்டியிருக்கிறது. டிஸ்கை அதற்குள் வைத்து அழுத்தித் திருப்புகிறோம், இழுக்கிறோம். அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேருவது ஒரே ஒரு புள்ளியில். பெரும்பாலான துண்டுகளில் அந்தப் புள்ளி, தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கட்ட வைத்திருப்பார்களே, அதே மாதிரி ஓர் உலோக வளையம். தார்ப்பாயில் அது மடித்த ஓரத்தில் இருக்கும். மலிவான துண்டில் ஒற்றைத் துணியில் ஓட்டை போட்டு அப்படியே அழுத்தி விட்டிருப்பார்கள். வளையத்தின் உள் விளிம்பு நாள்பட நூலை அறுக்கும்; நனைந்த துண்டின் பாரமும் சேர்ந்தால் ஒரு நாள் மொத்தமாகக் கழன்று வரும்.

சோதிப்பது எளிது. வளையத்தை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். துணி அசையாமல் வளையம் மட்டும் சுற்றினால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம், அதை வாங்காமல் விட்டுவிடலாம். அடுத்து, வளையம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் துணி எத்தனை அடுக்கு என்று பாருங்கள். மூலையில் இரண்டு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் வளையம் இருந்தால் நல்லது. துண்டின் நடுவில் இருந்தால் பின்னால் கட்டாயம் ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். உலோகம் எது என்று தெரியாவிட்டால் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு; முலாம் தேய்ந்ததும் துருப்பிடிக்கும், துருக்கறை துணியில் ஏறும், அந்த இடத்தில் நூலும் பலவீனமாகும்.

என்னைக் கேட்டால் உலோக வளையத்தைவிட ஓரத் தையலுக்குள் சேர்த்துத் தைத்த நாடாப் பட்டைதான் மேல். பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் இழுப்பு தையல் முழுவதற்கும் பரவும், பிரிந்துபோனாலும் ஊசி நூல் வைத்திருக்கும் யாரும் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பிய்ந்த உலோக வளையத்தை மறுபடி அடிக்க அதற்கென்று கருவி வேண்டும்.

வளையம் மூலையிலா நடுவிலா என்பது தனி விவாதம். மூலையில் இருந்தால் துண்டின் நீளம் முழுக்கப் பயன்படும், ஆனால் தாழ்வாகத் தொங்கி, பையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மண்ணைத் துடைக்கும். தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு அது சக்கரத்தில் சிக்கவும் வாய்ப்புண்டு. நடுவில் இருந்தால் துண்டு மடிந்து பாதி உயரத்தில் நிற்கும். தோளில் பை மாட்டுபவர்களுக்கு நடு வளையமே வசதி. கொக்கியையும் ஒரு பார்வை பாருங்கள்: வாய்ப்பகுதியில் கூரான பல் இருக்கும் கொக்கி ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நூலைப் பிடித்து இழுக்கும்.

காய்ந்த துணியைத் தொட்டு முடிவெடுப்பது

புதுத் துண்டின் வழவழப்பில் பெரும்பகுதி ஆலையில் கடைசியாகப் பூசும் மென்மையூட்டியால் வருவது. அந்தப் பூச்சு தண்ணீரை உறிஞ்ச விடாது. அதனால்தான் புதுத் துண்டு ஈரத்தை எடுக்காமல் தேய்த்து மட்டும் விடுகிறது. இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். துவைக்காமல் போட்டிக்கு எடுத்துப் போய், துண்டு சரியில்லை என்று திட்டுபவர்கள் உண்டு. பாவம், துண்டின் மேல் தப்பில்லை.

நூல் வகைக்கு வருவோம், இதில்தான் விஷயம் இருக்கிறது. பருத்தி நனைந்தால் அதன் இழை பலம் கூடும். காய்ந்திருப்பதைவிட ஈரத்தில்தான் அது அதிக இழுப்பைத் தாங்கும். மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழை நேர் எதிர்: நனைந்ததும் பலத்தில் பாதி வரை இழக்கும். மூங்கில் துணி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான். கையில் பட்டுப்போல இருக்கும், முகம் துடைக்க அருமை. ஈரத்தில் இழுபடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு துண்டுக்கு அது பொருந்தாது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பருத்தியிலும் டர்க்கி டவலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் மேலே நிற்கும் நூல் வளையங்களை முள்ளும் பையின் ஜிப்பும் பிடித்து இழுக்கும். அப்படி நீண்டு நிற்கும் நூலைக் கையால் இழுக்காதீர்கள். கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுங்கள். டர்க்கி நெசவில் ஒரு வளையத்தை வெட்டினால் துணி பிரியாது, இழுத்தால்தான் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வரும்.

மைக்ரோஃபைபர் என்பது பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலிஅமைடும் (அதாவது நைலானும்) கலந்தது. 80-க்கு 20 என்ற கலவையை நிறையப் பார்க்கலாம். இழை மிக மெல்லியது என்பதால் ஈரத்தைச் சட்டென்று எடுக்கும், சீக்கிரம் காயும், எடையும் குறைவு. ஆனால் புசுபுசுவென்று இருக்கும் வகை ஒட்டுப்புல்லுக்கும் காய்ந்த சருகுக்கும் விரித்து வைத்த வலை. ஒரு புதருக்குள் டிஸ்க் தேடிவிட்டு வந்தால் வீட்டில் உட்கார்ந்து விதை பொறுக்க வேண்டியதுதான். கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த வாஃபிள் நெசவு மைக்ரோஃபைபரில் இந்தத் தொல்லை குறைவு. பள்ளம் மண்ணை வாங்கிக்கொள்ளும், உதறினால் விட்டுவிடும். என் ஓட்டு அதற்குத்தான். மைக்ரோஃபைபர் டிஸ்கைக் கீறிவிடும் என்று கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள். மரத்தில் மோதி மோதியே வாழ்கிற ஒரு பொருளுக்குத் துணியால் விழும் கீறல் ஒரு கீறலா?

கனமாக இருந்தால் உழைக்கும் என்று நம்புவது

துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். 40-க்கு 60 செ.மீ. துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 350 ஜிஎஸ்எம் என்றால் அது 84 கிராம். 600 என்றால் 144 கிராம். இந்த இரண்டாவது துண்டு தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடித்தால் மொத்தம் 432 கிராம் ஆகிவிடும், அதாவது இரண்டு டிஸ்குக்கு மேல். அவ்வளவும் அந்த ஒற்றை வளையத்தில் ஆடிக்கொண்டு வரும். காயவும் காயாது.

இன்னொரு குறையும் உண்டு. டிஸ்கில் சேறு தங்குவது மேல்புறத்தில் அல்ல, அடிப்பக்கத்தில் விளிம்பு உள்தட்டோடு சேரும் மூலையில். நம் விரல் பிடிப்பதும் அங்கேதான். தடித்த துண்டு அந்த மூலைக்குள் நுழையாது. கட்டைவிரலில் சுற்றி உள்ளே ஒரு சுற்று ஓட்டும் அளவுக்குத் துணி மடிய வேண்டும். 300 முதல் 400 ஜிஎஸ்எம் போதும் என்பது என் அனுபவம். உழைப்பைத் தருவது ஓரத் தையல். ஓரத்தை இரண்டு முறை மடித்து, மூலைகளில் தையலைத் திருப்பி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் ஓவர்லாக் மட்டும் ஓட்டிய ஓரம் ஒரு முனையில் பிரிந்தால் முழுசாகப் பிரியும்.

கைக்குட்டை அளவும் வேண்டாம். பாதிச் சுற்று முடிவதற்குள் ஊறிப்போய்விடும்.

நிறத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; வெள்ளை வாங்காதீர்கள், அவ்வளவுதான். முழுப் பரப்பிலும் படம் அச்சிட்ட துண்டாக இருந்தால் அச்சிட்ட முகம் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும், தண்ணீரை அவ்வளவாக எடுக்காது. பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், வேலை செய்வது அதுதான்.

ஒரே துண்டில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பது

சேற்றைத் துடைத்த துண்டில் கையைத் துடைத்தால் கை காயாது, மண்தான் ஏறும். மழை நாளில் இது நேரடியாக ஸ்கோரில் தெரியும், ஏனென்றால் ஈரத்தில் டிஸ்க் கொஞ்சம் முன்னதாகவே கையைவிட்டு வழுக்கிவிடும். இரண்டு துண்டு வையுங்கள். ஒன்று வெளியே, சேற்றுக்கு. மற்றொன்று பைக்குள் அல்லது குடையின் உள்பக்கக் கம்பியில், கைக்கும் கடைசித் துடைப்புக்கும். டிஸ்க் கோல்ஃபுக்கு விதி வகுக்கும் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி உங்கள் முறை வந்து, ஆடும் பகுதியில் தடையும் இல்லை என்றால், எறிய 30 விநாடிதான். அதற்குள் பையின் அடியில் கைவிட்டுத் துண்டைத் தேட முடியாது. எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

முழங்காலிட்டு எறிய வேண்டி வந்தால் சேற்றுத் துண்டையே கீழே விரிக்கலாம். அழுத்தும்போது 1 செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாத எதையும் விதி அனுமதிக்கிறது. காய்ந்த துண்டை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

துவைக்கும் இடத்தில் கெடுப்பது

நல்ல துண்டைச் சலவையில் கொல்பவர்கள்தான் அதிகம். மென்மையூட்டி ஊற்றக் கூடாது. அது இழையின்மேல் படலமாக ஒட்டி, ஆலைப் பூச்சு செய்த அதே வேலையைச் செய்யும். குளோரின் பிளீச் பருத்தியைப் பலவீனமாக்கும். மைக்ரோஃபைபரை அதிகச் சூட்டில் உலர்த்தக் கூடாது, பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் அதன் பஞ்சையெல்லாம் இது அள்ளிக்கொள்ளும். சேறு ஈரமாக இருக்கும்போது கசக்காதீர்கள். மணல் துகள்கள் இழைகளுக்கு நடுவே புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். காயவிட்டு, சுவரில் நாலு தட்டுத் தட்டி உதறிவிட்டுப் பிறகு தண்ணீரில் போடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு பையில் திணித்து வண்டியில் போட்டு மறந்துவிடுவது. பூஞ்சை பருத்தியை வெறுமனே நாறவைப்பதில்லை, தின்னவும் செய்யும். அந்தக் கறுப்புப் புள்ளிகள் விழுந்த இடம் பிறகு சுலபமாகக் கிழியும். பாலியெஸ்டரைப் பூஞ்சையால் தின்ன முடியாது, ஆனால் கையின் எண்ணெய்ப் பசையை அது விடாமல் பிடித்துவைப்பதால் வாடை போக மறுக்கும்.

வளையம் பிய்ந்துபோன துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். கிழிந்த ஓட்டையை விட்டு வேறொரு மூலையை எடுத்து, உள்ளே ஒரு விரல்கடை மடித்து, பழைய பை ஒன்றின் பட்டையில் கொஞ்சம் வெட்டி மடக்கி வைத்து, பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாகத் தைத்துவிடுங்கள். புதருக்குள் வளையத்தைத் தொலைத்த என்னுடைய அந்தப் பூப்போன்ற துண்டு இப்போது அப்படித்தான் தொங்குகிறது. மென்மையெல்லாம் போய்விட்டது. சேற்றுக்கு அதுதான்.