சின்ன ஸ்கேலுக்கு மாறிப் பார்க்க நாலுக்கு இரண்டடிப் பலகை போதும்

வீட்டில் ஓஓ ஸ்கேலில் மாதிரிக் கோச்சி ஓட்டுகிறவர், அதைவிடச் சின்ன ஸ்கேலுக்கு மாறிப் பார்ப்பது பற்றியது இது. ரம்புக்கனையிலிருந்து பதுளை வரைக்கும் ஏறும் கோச்சிப் பாதையில் ஆகக் கூர்மையான வளைவின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது சுமார் 100 மீட்டர். ஓஓ ஸ்கேலில் (1:76, அதாவது உண்மை அளவில் 76-இல் ஒரு பங்கு) அதை அப்படியே வளைத்தால் முழு வட்டம் 2.64 மீட்டர் அகலம் எடுக்கும். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் பிறகு கட்டில் போட இடமிருக்காது. என்-ஸ்கேலில் (ஆங்கில எழுத்து, ‘என்னுடைய’ அல்ல), 1:160 கணக்கில், அதே வட்டம் 1.26 மீட்டருக்குள் அடங்கும். எல்லயின் ஒன்பது வளைவுப் பாலம் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். என்-ஸ்கேலில் 57 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் உயரம். மலைநாட்டுப் பாதையைச் செய்ய நினைப்பவருக்கு இடம் மிச்சமாவதைவிட, வளைவை ஏமாற்றாமல் போட முடிவதுதான் பெரிய லாபம்.

ஒரு குறையைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். நம் தண்டவாள அகலம் 1676 மி.மீ. 1:160-இல் அது 10.5 மி.மீ. ஆக வேண்டும், கிடைக்கும் பாதையோ 9 மி.மீ. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, நேர் முன்னாலிருந்து படம் எடுத்தால் தெரியும். இன்னும் சின்னதான இசட் ஸ்கேலை (1:220) முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம்.

ஓஓ சாமான்களை விற்றுவிடாதீர்கள். ஒரு எஞ்சின், நாலு பெட்டி, ஒரு வட்டப்பாதை, இவ்வளவு வாங்கிப் பரீட்சை பாருங்கள். காட்டோ கம்பனியின் யூனிட்ராக் என்ற பொருத்துப் பாதையில் 282 மி.மீ. ஆரத்து 45 பாகை வளைவு 8, 248 மி.மீ. நேர்த்துண்டு 3, நாலாவது நேர்த்துண்டின் இடத்துக்கு ஒரு 124, ஒரு சாதாரண 62, மின்சாரம் கொடுக்கும் 62 ஒன்று. எல்லாம் சேர்ந்து சுமார் 109 × 59 சென்டிமீட்டர். நாலுக்கு இரண்டடிப் பலகையில் மட்டுமட்டாக உட்காரும். ஓரத்தில் இரண்டங்குல அட்டைத் தடுப்பு ஒட்டுங்கள், எஞ்சின் தரையில் விழுந்தால் பரீட்சை அன்றோடு முடிந்தது. பெட்டி வாங்கும்போது இணைப்புக் கொக்கியைப் பாருங்கள்: பழைய ரபிடோ வகையும் நக்கிள் வகையும் ஒன்றோடொன்று மாட்டாது.

ஜப்பானிலிருந்து வரவழைக்கும் கன்ட்ரோலரின் அடாப்டர் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு உரியது. பிளக்கை மாற்றி நம் 230 வோல்ட்டில் குத்தினால் புகைதான் வரும். ‘இன்புட் 100-240’ என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் குத்துங்கள்.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட், அடியில் 2×1 அங்குலச் சட்டம். இரண்டு முகத்துக்கும் நாலு ஓரத்துக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். மேல்முகத்தை மட்டும் அடித்தால் அடிப்பக்கம் மூடுபனியின் ஈரத்தைக் குடித்துப் பலகை வளையும், 9 மி.மீ. பாதையில் ஒரு மி.மீ. தூக்கல் கூடப் பெட்டியைத் தடம்புரட்டும். பலகை வளைகிறதா என்று தெரிய, பரீட்சையை மழைக்காலத்தில் செய்யுங்கள். ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவம், பதுளைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவம்.

ஏற்றத்தைச் சோதிக்கத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. மலைப்பாதையின் ஏற்றம் 44-க்கு 1, அதாவது 44 அடி ஓடினால் ஓரடி ஏறும். பலகையின் ஒரு முனைக்கடியில் 28 மி.மீ. கட்டை வைத்தால் நேர்த்துண்டுகளில் அதே ஏற்றம் கிடைக்கும். ஒவ்வொரு பெட்டியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கினால் அதற்கு முந்திய எண்ணிக்கைதான் உங்கள் கோச்சியின் நீளம்.

இந்த அளவில் உயிரை எடுப்பது அழுக்கு. எஞ்சின் இலேசு என்பதால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவது குறைவு, மெல்லிய கறையே மின்சாரத்தை மறித்துவிடும். நின்றுபோன எஞ்சினை விரலால் மெதுவாக அமத்துங்கள். நகர்ந்தால் சக்கரத்திலோ தண்டவாளத்திலோ கறை. நகராவிட்டால் முதலில் பாதைத்துண்டுகளின் இணைப்பைப் பாருங்கள். சக்கரம் துடைக்க, டிஷ்யூத் தாளில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் போடுங்கள். எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்கள் தாளில், மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்தில் இருக்க, கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். தாளில் இரண்டு கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் தாளை நகர்த்தி, பிறகு எஞ்சினைத் திருப்பி வையுங்கள். அரத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு குடியேறும். இரும்புக் கம்பளி அறவே கூடாது, அதன் இழையை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் சரிவந்தால் அடுத்த ஆசை தெமோதரதான்: நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் பாதை திரும்பி வரும் அந்தச் சுற்று. கீழ்ப்பாதைக்கும் மேல்பாதைக்கும் 50 மி.மீ. உயர வித்தியாசம் வேண்டும். 44-க்கு 1 என்றால் 2.2 மீட்டர் ஓட்டம். 348 மி.மீ. ஆரத்து வட்டம் ஒன்று கிட்டத்தட்ட அதே நீளம். 282-இல் ஒரு சுற்றில் 40 மி.மீ.தான் ஏறும், கூரை இடிக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் 20 சென்டிமீட்டராவது படிப்படியாக நிமிர்த்துங்கள், திடீர் மடிப்பில் கொக்கி கழன்றுவிடும்.

மலைக்கு ரெஜிபோம் நுரைப்பலகையை அடுக்கி வெள்ளைப் பசையால் ஒட்டலாம். தின்னர் கலந்த பசை அதைக் கரைத்துவிடும். தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சின்னத் துண்டாக வெட்டி, நடுவுக்கு நடு அளந்து வரிசைக்கு வரிசை 7.5 மி.மீ., செடிக்குச் செடி 4 மி.மீ. இருக்க ஒட்டுங்கள், நாலுக்கு இரண்டடி நடவு இந்த ஸ்கேலில் அவ்வளவுதான். மண்ணுக்குத் தேத்தண்ணிச் சக்கை நன்றாக இருக்கும், ஆனால் தாச்சியில் மொறுமொறுவென்று வறுத்த பிறகே தூவுங்கள். ஈரமாகப் போட்டால் ஒரு வாரத்தில் மலை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம்.