ஆர்சி விமானச் சந்திப்பு நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி பக்கம் வருஷத்துக்கு ஒரு நாள், வீட்டில் தாங்களே வெட்டி ஒட்டிச் செய்த ஆர்சி விமானங்களை, அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானங்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கூடுகிறோம். ஓசூர், தர்மபுரி, சேலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். உங்கள் ஊரிலும் இப்படி நடத்த நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

பெரிய தவறு, சிறப்பு விருந்தினர் வரும் நேரத்தை வைத்துப் பறக்கும் நேரத்தை முடிவு செய்வது. முதல் வருஷம் அதைத்தான் செய்தோம். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்தபோது பதினொன்றரை. காலையில் அசையாமல் இருந்த காற்று அதற்குள் மாறிவிட்டது, ஏனென்றால் பத்து மணிக்கு மேல் காய்ந்த ஏரி மண் சூடாகி அனல் எழும்பத் தொடங்கினால் அறுநூறு கிராம் தெர்மாகோல் விமானத்தை அது காகிதம் மாதிரி தூக்கிப் போடும். நான்கு மாதம் உட்கார்ந்து பால்சா என்ற லேசான மரத்தில் செய்துகொண்டு வந்த ஒரு பையன் வேண்டாம் என்றுதான் சொன்னான். "ஒரே ஒரு ரவுண்டு போடு தம்பி" என்று நாங்கள்தான் கேட்டோம். இறங்கும்போது இறக்கை முறிந்தது. தவறு முழுக்க எங்களுடையது. இப்போது ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுகிறோம், விருந்தினர்கள் அதன் பிறகு வந்து தரையில் வரிசையாக வைத்த விமானங்களைப் பார்க்கிறார்கள். பறக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை இரண்டாவது முறை கேட்கக் கூடாது.

பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் வைக்காதீர்கள். வெயிலும் திடீர்க் கோடை மழையும் சேர்ந்து படுத்தும். ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாசி நல்ல மாதம், கேழ்வரகு அறுவடையும் முடிந்திருக்கும்.

ஆனால் மாசியில் மாமரங்களில் பூவும் பிஞ்சும் நிற்கும். தோப்பை ஒட்டிய இடத்தைப் பிடித்து, மரத்தில் சிக்கிய விமானத்தை எடுக்கக் கிளையை உலுக்கினால் தோட்டக்காரருடைய வருஷ வருமானம் உதிர்கிறது, அவர் கோபப்படுவது நியாயம். தோப்பும் உயர் அழுத்த மின்கம்பியும் இல்லாத வறண்ட ஏரியோ தரிசோ பாருங்கள், ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம் விதிகள். 2021 ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். ஓசூர் பக்கம் பேலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால், அங்கே இடம் தேடுபவர்கள் முதலில் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடி. 8 கிலோமீட்டருக்குள் என்றால் அனுமதி இல்லாமல் தரையை விட்டே எழுப்பக் கூடாது.

பார்க்க வருபவர்களை எங்கே நிறுத்துவது என்று யோசிக்காமல் விடுவதும் ஆபத்து. காலையில் சூரியன் கிழக்கே இருக்கும், ஆகவே பறக்கவிடுபவர்கள் மேற்கே பார்த்து ஒரே வரிசையில் நிற்க வேண்டும், கூட்டம் அவர்களுக்குப் பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம். அந்த வரிசைக்குப் பின்னால் எந்த விமானமும் போகக் கூடாது. விழுந்ததை எடுக்கக் குழந்தைகள் ஓடுவார்கள், அதைத் தடுக்கவே இரண்டு பேரைப் போடுங்கள். களத்தில் ஒருவர் குரல் மட்டும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஓஷ்கோஷ் சந்திப்புக்கு ஆயிரக்கணக்கில் நிஜ விமானங்கள் வருகின்றன. ஃபிஸ்க் என்ற சின்ன ஊருக்கு மேலே வரும்போது கட்டுப்பாட்டாளர் சொல்வதற்கு விமானிகள் ரேடியோவில் பதில் பேசாமல் இறக்கையை ஆட்டிக் காட்டுகிறார்கள். அங்கேயே அப்படி என்றால், நம் களத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் "லேண்டிங்!" என்று கத்தினால் யாருக்கு என்ன புரியும்?

எல்லோரும் அனுபவசாலிகள்தானே என்று பரிசோதனை மேசையை விட்டுவிடாதீர்கள். வீட்டில் செய்த விமானம் விழுவதற்குச் சாதாரணக் காரணம், எய்லிரான் (இறக்கையின் பின் விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) தலைகீழாக வேலை செய்வது. ரிமோட்டில் உள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லிரான் மேலே எழ வேண்டும், இதை இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள்: சாதாரண நேர் இறக்கையில், முன் விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் சமநிலை நிற்க வேண்டும். வால் கனமாக இருந்தால் எழுப்பவே வேண்டாம். கடைசியாக, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டி டிரான்ஸ்மிட்டரை, அதாவது கையில் உள்ள ரிமோட்டை, அணையுங்கள். மோட்டார் நிற்கவில்லை என்றால், சிக்னல் போனதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃபெயில்சேஃப் சரியில்லை, சிக்னல் அறுந்த விமானம் கூட்டத்துக்குள்ளே முழு வேகத்தில் வரலாம்.

எளிதில் தீப்பிடிக்கக்கூடிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், காய்ந்த புல்லில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

முடிந்ததும் உடனே கிளம்பாமல் களம் முழுக்க ஒரு முறை நடங்கள். உடைந்த புரொப்பெல்லர் துண்டும் தெர்மாகோல் பொடியும் மண்ணில் கிடக்கும், மறுநாள் காலை அங்கே மாடு மேயும்.