கிசுகிசு எழுதியவரின் சுயசரிதைக்குக் கருத்து எழுதுவது எப்படி?

இந்த வகைப் புத்தகத்தைப் படித்தவர்கள் ஒன்று, "கீழே வைக்கவே முடியவில்லை" என்பார்கள். இல்லையென்றால், "சீ, வெறும் ஊர்வம்பு" என்பார்கள். அடுத்து வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இரண்டுமே பயன்படாது. நான் எப்படி எழுதுகிறேன் என்பதை ஹாலிவுட்டில் கிசுகிசுப் பத்தி எழுதிய ஹெடா ஹாப்பரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பிறந்த வருடத்தைச் சரிபாருங்கள். ஹெடா பிறந்தது 1885இல். ஊருக்குச் சொன்னது 1890. அவருக்குப் போட்டியாகக் கிசுகிசு எழுதிய லூயெல்லா பார்சன்ஸ் 1881இல் பிறந்துவிட்டு 1893 என்று சொல்லிவந்தார். இதற்காக அவர்களைத் திட்டி எழுத வேண்டாம். ஹெடா மௌனப்பட காலத்திலிருந்து நடித்தவர். வயது தெரிந்தால் நடிகைக்கு வாய்ப்புப் போய்விடும். ஆனால் இது தெரிந்த பிறகு மற்ற பக்கங்களைப் பென்சிலும் கையுமாகப் படிக்கத் தோன்றும்.

அப்புறம் ஒரு நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். அவர் கண்ணால் கண்டது இடப்பக்கம், யாரோ சொல்லிக் கேட்டது வலப்பக்கம். ஹெடா விஷயத்தில் இடப்பக்கம் ஏமாற்றாது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டு 1938இல் பத்தி எழுத வந்தவர் அவர். ஸ்டூடியோவை உள்ளிருந்து பார்த்தவர். இதை மனம்விட்டுப் பாராட்டி எழுதலாம்.

வலப்பக்கத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். அங்கே வரும் ஒவ்வொரு பெயருக்கும், அந்த மனிதர் என்ன பதில் சொன்னார் என்று தேடுங்கள். ஹெடாவின் 1963ஆம் வருடப் புத்தகத்தில், எலிசபெத் டெய்லரின் முன்னாள் கணவர் மைக்கேல் வைல்டிங்கின் அந்தரங்கம் பற்றி ஒரு பகுதி உண்டு. வைல்டிங் அவதூறு வழக்குப் போட்டார். ஹெடா தரப்பு பணம் கொடுத்துத்தான் வழக்கை முடிக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் "துணிச்சலான எழுத்து" என்று மட்டும் எழுதினால் வைல்டிங்குக்குச் செய்யும் அநியாயம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எங்கள் தாத்தா நடிகர் தியாகராஜ பாகவதர் பாட்டில் ஊறியவர். சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய 'இந்துநேசன்' பத்திரிகையின் பெயரைக் கேட்டாலே திண்ணையிலிருந்து எழுந்து போய்விடுவார். அதை நடத்திய லட்சுமிகாந்தன் 1944இல் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் சிறை சென்ற பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை.

சரி, ஹெடாவுக்கு வருவோம். எழுத்தால் யார் பிழைப்பு போனது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு வேலை தரக்கூடாது என்று எழுதியவர் அவர். சாப்ளினை விடாமல் தாக்கினார். பெவர்லி ஹில்ஸில் இருந்த தன் வீட்டை, பயம் கட்டிய வீடு என்று அவரே சொல்லிக்கொண்டார். புத்தகத்தில் எங்காவது வருத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

நட்சத்திரம் போடுவதாக இருந்தால் இரண்டு தடவை போடுங்கள்: நடைக்கு ஒன்று, நம்பகத்துக்கு ஒன்று. ஹெடாவுக்கு நான் போட்டது நான்கு, ஒன்றரை.