அணைய மறுத்த ஆரஞ்சு விளக்கு

எங்கள் அலுவலக சர்வர் குறையின்றி இயங்கிக்கொண்டிருந்தபோதும் அதன் முகப்பில் ஆரஞ்சு விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. இருமுறை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. சர்வர் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைப் படிக்காமல் அப்படிச் செய்தது என் அவசரம்தான். பதிவேட்டில், மதர்போர்டு பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்துவிட்டதாகத் தெளிவாகவே எழுதியிருந்தது. சர்வரைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சர்வரை அணைத்து, மின்கம்பிகளைப் பிடுங்கி, நாணயம் போன்ற அந்த சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.5 வோல்ட் மட்டுமே காட்டியது.

புதியதைப் பொருத்தியும் விளக்கு அணையவில்லை. மேல்மூடியைத் திறந்து பார்த்தபோது, பேட்டரி ஒரு பக்கம் மேலெழும்பி, பிடிப்பானின் உலோக நாக்கை நுனியில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. கிளிக் என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திவிட்டு, பழைய பதிவேட்டை நகலெடுத்தபின் அழித்தேன். சர்வரின் நிலையைக் கண்காணிக்கும் சிறு சில்லான மேலாண்மைக் கட்டுப்படுத்தி, சர்வர் அணைந்திருந்தாலும் காத்திருப்பு மின்சாரத்தில் விழித்தே இருக்கும் என்பதால், அதையும் அணைக்க இரண்டு மின்கம்பிகளையும் மறுபடி உருவி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டுவைத்தேன்.

மின்சாரம் கொடுத்ததும் விளக்கு பச்சைக்கு மாறியது. பேட்டரியைக் கழற்றியதில் பின்னோக்கிப் போயிருந்த கடிகாரத்தைத் திருத்தி, எந்த வட்டிலிருந்து முதலில் துவங்க வேண்டும் என்ற பூட் வரிசையைப் படத்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகே மேல்மூடியின் திருகுகளை முடுக்கினேன்.