வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் ஏடிபி நொதி: பிரிப்பதும் அளப்பதும்

65 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும் நொதியைக் கையில் எடுப்பவர்கள் எல்லாரும் நொதி கெட்டுவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். அது தாங்கும். தாங்காதது அதைச் சுற்றி நாம் ஊற்றும் சரக்கு: பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபர், துணை நொதிகள், சில சமயம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியே. என் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது பேசில்லஸ் பிஎஸ்3 பாக்டீரியாவின் ஏடிபி சின்தேஸ், அதாவது செல் சவ்வில் இருந்து ஏடிபியை உருவாக்கும் நொதி. முழு நொதி வேண்டாம். சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எஃப்1 பகுதி போதும், அதிலும் மூன்று ஆல்ஃபா, மூன்று பீட்டா, நடுவில் அச்சுபோல ஒரு காமா என்ற புரதத் துண்டுகள் மட்டும். சவ்வு இல்லாததால் இது ஏடிபியை உருவாக்காது, உடைக்கும். நாம் அளப்பது அந்த உடைப்பைத்தான். 1997இல் ஜப்பானில் நோஜி, யசுதா, யோஷிடா, கினோசிட்டா ஆகியோர் இதே துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, காமா மீது ஆக்டின் என்ற புரதத்தின் ஒளிரும் இழையைப் பொருத்தி, அது சுழல்வதை மைக்ரோஸ்கோப்பில் நேரடியாகக் காட்டினார்கள். அவ்வளவு தொல்லைகளையும் பொறுத்துக்கொள்ளும் நொதி இது.

மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்து நொதியைத் தயாரியுங்கள். செல்களை உடைத்த பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். சாற்றை 65 டிகிரி நீர்த்தொட்டியில் 15 நிமிடம் வையுங்கள். ஈ. கோலையின் சொந்தப் புரதங்களில் பெரும்பகுதி பால் திரிவதுபோலத் திரண்டுவிடும், நம் நொதி கரைசலிலேயே நிற்கும். வெப்பமானியைத் தொட்டியில் வைத்தால் போதாது, சாற்றுக்குள்ளேயே வைக்க வேண்டும். பெரிய குடுவையில் நடுப்பகுதி 65ஐத் தொடுவதற்குள் ஓரம் பாதி நேரம் வெந்திருக்கும். அதனால் சிறு சிறு குழாய்களில் பிரித்து, அடிக்கடி ஆட்டி, உள்ளே 65 வந்த பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு பனிக்கட்டி, பிறகு சென்ட்ரிஃபியூஜ். பிஎஸ்3 செல்களையே வளர்த்து அவற்றிலிருந்து பிரிப்பவர்களுக்கு இந்தக் கட்டத்தால் பெரிய பயன் இல்லை, அங்கே எல்லாப் புரதங்களுமே சூட்டுக்குப் பழகியவை.

நொதியில் ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் சிறு வால்) இருந்தால், மிச்ச அழுக்கை நிக்கல் நிரப்பிய பிரிகுழாயும், அதன் பின் புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷனும் பார்த்துக்கொள்ளும். அம்மோனியம் சல்ஃபேட்டில் வீழ்படிவாக்கி 4 டிகிரியில் வைத்துவிடலாம். மைட்டோகாண்ட்ரியாவின் எஃப்1 குளிரில் பிரிந்துவிடும், இதற்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாதுகாப்புக்கு என்று சோடியம் அசைடு மட்டும் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை வராது, உண்மைதான். ஆனால் அசைடு எஃப்1ஐத் தடுக்கும் பொருள்.

இனி பஃபர். டிரிஸ் என்ற பஃபரின் பிஹெச் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்தது 65இல் ஏறத்தாழ 6.9 ஆகிவிடும். பிறகு, “சூடேறினால் வேகம் ஏன் குறைகிறது” என்று நொதியைத் திட்டுவோம். ஹெப்பெஸில் இந்த இறக்கம் பாதிதான், மாப்ஸிலும் குறைவு. எதை எடுத்தாலும் பிஹெச்சை அளவிடும் வெப்பநிலையிலேயே சரிசெய்யுங்கள். மீட்டரில் உள்ள தானியங்கி வெப்பத் திருத்தம் மின்முனைக்கான கணக்கை மட்டுமே திருத்தும். பஃபரின் நகர்வைத் திருத்தாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அளப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, பைருவேட் கைனேஸ், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற துணை நொதிகளைச் சேர்த்து, 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் என்ஏடிஹெச் குறைவதைப் பார்ப்பது; ஒரு ஏடிபி உடைந்தால் ஒரு என்ஏடிஹெச் குறையும். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (அளவுக் குப்பியில்) ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.311 குறைந்தால், அதை என்ஏடிஹெச்சின் உறிஞ்சல் எண்ணான 6220 ஆல் வகுத்து, நிமிடத்துக்கு 50 மைக்ரோமோலார் ஏடிபி உடைந்திருக்கிறது என்று பொருள். நொதி 10 நானோமோலார் என்றால் ஒரு மூலக்கூறு வினாடிக்கு 83 ஏடிபி. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி, ஆக வினாடிக்குச் சுமார் 28 சுற்று! ஆனால் அந்தத் துணை நொதிகள் முயல் தசையிலிருந்து எடுத்தவை, 65 டிகிரியில் நிற்காது. அதனால் இந்த வழி 25, 30 டிகிரிக்கு மட்டும்.

உயர்ந்த வெப்பத்துக்கு விடுபடும் பாஸ்பேட்டை அளக்க வேண்டும். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட, பாஸ்பேட்டை நிறமாகக் காட்டும் மாலிப்டேட் முறை இன்றும் போதும். 1929இல் ஏடிபியைப் பிரித்தவர்களில் இவர்களும் உண்டு என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. மூடியைக் கெட்டியாக மூடுங்கள், நீர் ஆவியானால் எல்லாச் செறிவும் ஏறிவிடும். நொதி சேர்த்ததிலிருந்து குறித்த நேரங்களில் சிறிது எடுத்து ட்ரைக்ளோரோஅசெட்டிக் அமிலத்தில் போட்டு வினையை நிறுத்துங்கள். நொதி இல்லாத ஒரு குழாய் கட்டாயம் கூடவே ஓட வேண்டும், ஏனென்றால் சூட்டிலும் அமிலத்திலும் ஏடிபி தானாகவே கொஞ்சம் உடையும். இதே காரணத்தால் நிறம் வந்த பிறகு ஒவ்வொரு குழாயையும் ஒரே இடைவெளியில் படிக்க வேண்டும். பாத்திரங்களைப் பாஸ்பேட் உள்ள சோப்பில் கழுவக் கூடாது.

முதல் ஓரிரு நிமிடத்தில் வேகம் சரிந்தால் நொதி வெந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். மெக்னீசியமும் ஏடிபியும் கலந்த கரைசலில் ஏடிபி உடைந்து மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட் (ஏடிபியில் ஒரு பாஸ்பேட் குறைந்தது) மெக்னீசியத்தோடு சேர்ந்து எஃப்1க்குள் மாட்டிக்கொண்டு சுழற்சியை நிறுத்தும். எல்டிஏஓ என்ற டிடர்ஜென்ட் அந்தத் தடையைத் தளர்த்தும். சேர்த்ததும் வேகம் ஏறினால் காரணம் அந்தத் தடைதான். ஏறவில்லை என்றால், ஏடிபி இல்லாமல் நொதியை மட்டும் 65 டிகிரியில் 10, 30, 60 நிமிடம் வைத்து, அப்புறம் ஒவ்வொன்றையும் 25 டிகிரியில் அளந்து பாருங்கள். அதிலும் குறைந்தால்தான் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.