அறிவியல் சோதனையும் வரைபடமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிச் சோதனையில் வரைபடம் சரியாக வராவிட்டால், புள்ளி வைத்ததில்தான் பிழை என்று மாணவர்கள் அழித்து அழித்து வரைகிறார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும்: எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்று எழுதிக்கொள்ளாமல் சோதனையைத் தொடங்கியபோதே.

நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்ட தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நீளத்தை நாமாக மாற்றுகிறோம்; அது சாரா மாறி. அதற்கேற்ப மாறும் அலைவு நேரம், அதாவது குண்டு ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம், சார்ந்த மாறி. குண்டும் இழுத்துவிடும் கோணமும் கடைசிவரை மாறக் கூடாது. இந்த மூன்றாவது வகையைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை.

குண்டின் நிறையால் அலைவு நேரம் மாறுமா என்று பார்க்கச் சிறிய குண்டைக் கழற்றிப் பெரிய குண்டைக் கட்டுகிறார்கள். நூல் அதேதான். ஆனால் ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம். பெரிய குண்டின் மையம் இன்னும் கீழே இருக்கும். நிறையோடு நீளமும் சேர்ந்து மாறிவிட்டதால் அலைவு நேரம் சற்றுக் கூடும். ‘நிறை கூடினால் அலைவு நேரம் கூடும்’ என்று தவறான முடிவை எழுதிவிடுவார்கள். ஒரு சமயத்தில் ஒரே மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது.

இனி வரைபடம். சாரா மாறி கிடையச்சில், சார்ந்த மாறி நிலையச்சில். இரண்டிலும் அலகு கட்டாயம். ஒரு சென்டிமீட்டருக்கு 3 அல்லது 7 என்று அளவுத்திட்டம் வைத்தால் இடைப்பட்ட புள்ளிகளைக் குறிக்கத் திண்டாட நேரும். 1, 2, 5, 10 போதும். உலோக வகை, மண் வகை போன்ற பெயர்களை ஒப்பிடும்போது கோடு வரையாதீர்கள், பட்டை வரைபடம் போடுங்கள்.

புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்து முறுக்கு முறுக்காகக் கோடு இழுப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும். புள்ளிகள் இருபுறமும் ஏறக்குறைய சமமாக அமையும்படி ஒரே சீரான கோடு வரைய வேண்டும். அது ஆதிப்புள்ளி (இரண்டு அச்சுகளும் சுழியத்தில் சந்திக்கும் இடம்) வழியே போயே தீர வேண்டும் என்று வளைக்கவும் கூடாது. நூலை மட்டும் அளந்து குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தால், அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரையும் நேர்க்கோடு, பின்னோக்கி நீட்டும்போது கிடையச்சை ஆதிப்புள்ளிக்கு இடப்புறத்தில், சரியாக அந்த ஆரத்தின் அளவு தள்ளி வெட்டும். வலிந்து ஆதிப்புள்ளிக்கு இழுத்தால் அந்தத் தடயம் மறைந்துவிடும்.

கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியையும் அழிக்காதீர்கள். மறுபடி அளந்து பாருங்கள். 1 மீட்டர் ஊசல் 20 அலைவுகளுக்குச் சுமார் 40 வினாடி எடுக்கும். உங்களுக்கு 38 வந்திருந்தால், குண்டை விட்டவுடன் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி 19 அலைவுகளை 20 என்று எழுதியிருக்கக்கூடும். விடும்போது ‘சுழியம்’ என்று தொடங்க வேண்டும்.

எல்லா நீளத்துக்கும் இதே தவறைச் செய்திருந்தாலோ, கோடு ஆதிப்புள்ளி வழியே அழகாக நேராகவே வரும். ஆனால் அதன் சாய்விலிருந்து கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக ஏறத்தாழ 10.9 மீட்டர்/வினாடி² என்று வரும். கோடு நேராக இருக்கிறது என்பதற்காகவே அளவீடுகள் சரி என்று நம்பிவிட முடியாது. சாய்வின் மதிப்பையும் பார்க்க வேண்டும். அந்தச் சாய்வைக் கணக்கிட அட்டவணையிலிருந்து இரண்டு அளவீடுகளை எடுக்காமல், கோட்டின் மேலேயே நன்கு விலகியிருக்கும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.